இருபத்துநான்கில் ஒரு பங்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நாள் முழுக்க ஓடுகிற அரசுப் பேருந்தைச் சின்ன உருவில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, உலகின் பெரிய கிட் நிறுவனங்கள் எதுவும் பெட்டி போட்டுத் தரவில்லை. அம்பாசிடருக்கும் அதே கதிதான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்த ஊர்க்காரர்கள் வாடகைக்குப் பிடித்த கார் அது. டமியா, ரெவெல் என்ற கிட் நிறுவனங்கள் இரண்டின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. லெ மான்ஸ் பந்தயத்தில் ஓடிய போர்ஷேக்கு விதவிதமாகக் கிட் உண்டு. இந்த இல்லாமையிலிருந்துதான் நம் பக்கத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன. வெளிநாட்டு கிட்டை வரவழைத்து, ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, தன் விருப்பப்படி மாற்றியும் அமைப்பது ஒன்று. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் ஃபோம் ஷீட்டை வெட்டி, தான் ஏறிப்போகும் பேருந்தை ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்புவது இன்னொன்று. இந்த மினியேச்சர் பஸ் செய்யும் பழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர்களிடையே நன்றாக வேரூன்றிவிட்டது.

முதலாவது நிபுணர் வேலை, இரண்டாவது காசில்லாதவர்களின் ஈடு என்று தரம் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தரவரிசை தலைகீழானது என்பது என் கட்சி. ஆனால் மினியேச்சர் பஸ்ஸைப் பார்த்தவுடன் அசல் மாதிரியே இருக்கிறது என்று கைதட்டுகிறோமே, அந்தப் பாராட்டையும் நான் ஏற்கவில்லை. அது செய்தவரை அவர் நிற்கும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறது.

மாடலை எடைபோடுவதற்கு முன் அது நமக்குக் கொடுக்கும் வாக்கு என்ன என்று பார்க்க வேண்டும். 24-இல் ஒன்று என்று சொல்லிவிட்டால், மூல வண்டியின் ஒவ்வொரு நீளமும் 24-ஆல் வகுபட்டு அங்கே இருக்கிறது என்று பொருள். அம்பாசிடரின் நீளம் 4,325 மில்லிமீட்டர், மாடலில் 180. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,464 மில்லிமீட்டர். மாடலில் 103-க்குச் சற்றே குறைவு. ஆண்டாள் கோயிலின் 192 அடி ராஜகோபுரத்தையும் அதே அளவில் பின்னால் நிறுத்த நினைத்தால், சரியாக 8 அடி உயரம் வேண்டும். எடை மட்டும் வேறு கணக்கில் இறங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் அது 13,824-இல் ஒன்றாகிறது. 1,100 கிலோ காரை அதே பொருள்களால் அதே அளவில் செய்தால் 80 கிராம்தான் வரும்.

இந்த வாக்கை முழுமையாக எவராலும் காப்பாற்ற முடியாது. இந்தக் கலையை மதிப்பிடுகிறவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். காரின் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கிட்டில் பிளாஸ்டிக் உடல் ஒன்றரை மில்லிமீட்டர் கனம். பெருக்கிப் பார்த்தால் 36 மில்லிமீட்டர், கவச வண்டியின் சுவர். கதவுக்கும் உடலுக்கும் நடுவே நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், மாடலில் 0.17 வர வேண்டும். அச்சில் வார்க்கும்போது அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த கதவு. ஆகவே எல்லா மாடலும் எங்கேயோ பொய் சொல்கிறது. எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் செய்பவரின் திறமை தெரிகிறது.

கிட் கட்டுவோர் தேர்ந்த கைக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வார்ப்புச் சட்டத்திலிருந்து துண்டை நறுக்கி, வெட்டுத் தழும்பைத் தேய்த்து, இரண்டு பாதிகளின் ஓரத்தைப் பசை கொஞ்சமாகக் கரைத்து ஒன்றாக்கும் அந்த வேலை நுட்பமானது. பாலிஸ்டைரீனுக்கான பசை மேலே ஒட்டிக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி இரு துண்டையும் ஒரே துண்டாக்குகிறது. அளவு மிஞ்சினால் விவரம் உருகிப் போகும். அதன் பிறகு பட்டி, வாட்டர் பேப்பர், பிரைமர், மறுபடி வாட்டர் பேப்பர். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பெரிய காருக்கு நடக்கும் அதே வரிசை, விரல் நுனியில் நடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் ஈரக் காற்று வீசும் நாளில் லாக்கர் அடித்தால், மேலே வெள்ளை படர்ந்து பூத்துவிடும் என்பது பட்டறைக்காரருக்கும் தெரியும், கிட் கட்டுகிறவருக்கும் தெரியும். தின்னர் வாடை நிறைந்த மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் ஸ்ப்ரே அடிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதும் இருவருக்கும் தெரியும். அதை இருவரும் பொருட்படுத்துவதில்லை என்பது வருத்தம்.

என் குறை அவர்கள் கொண்டாடும் பளபளப்பின் மேல். நிஜக் காரின் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். அதை 24-ஆல் வகுத்தால் 2 மைக்ரான். யாராலும் அவ்வளவு மெல்லிதாக அடிக்க முடியாது, போகட்டும். ஆனால் மூன்று நான்கு பூச்சுப் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை ஏற்றிவிடுகிறார்கள். அது நிஜ அளவில் 2.4 மில்லிமீட்டர் கண்ணாடி. கார் சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த மிட்டாய் போல ஆகிவிடுகிறது. ஓரங்கள் மழுங்குகின்றன, இலச்சினை எழுத்துகள் மூழ்குகின்றன. மெட்டாலிக் பெயிண்டிலும் இதே தவறு. சாதாரணமாகக் கிடைக்கும் மெட்டாலிக் பெயிண்டின் அலுமினியத் துகள் 20 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், மாடலில் அது நிஜ அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சமமான மினுக்குத் துண்டாகத் தெரியும். கதவு இடுக்குகளில் கறுப்பு மை ஓட்டி எடுப்பாகக் காட்டும் வழக்கமோ வண்டியை வரைபடமாக்கிவிடுகிறது. இவை எல்லாம் பரிசு வாங்குகின்றன. உழைப்பு அதிகம் என்பதாலேயே பரிசு கொடுப்பது திறனாய்வு ஆகாது.

கிட்டின் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. துண்டுகளை வடிவமைத்தவர் பட்ட பாட்டில் இருக்கிறது. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய டமியா, 1970-களில் போர்ஷே 934-ஐ 12-இல் ஒன்றாகச் செய்ய முற்பட்டபோது, அந்நிறுவனத்தின் ஷுன்சாக்கு டமியா ஒரு போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்த்தார். படம் பார்த்துச் செய்யவில்லை. வண்டியைப் பிரித்து அளந்தார். கிட்டை ஒட்டும் ராஜபாளையத்து இளைஞர் அந்த அளவுகளின் மேல்தான் நிற்கிறார். சக்கரம் சரியான உயரத்தில் உட்காருகிறதென்றால், கூரையின் வளைவு தப்பவில்லையென்றால், அந்தப் புகழில் பெரும்பங்கு ஒட்டியவருடையது அன்று.

எஃகு அச்சு செய்ய ஆகும் செலவு பெரியது. ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றால்தான் அது திரும்பும். அதனால்தான் எந்த வண்டி மாடலாகும் என்பதை வாங்குபவர் கூட்டம் தீர்மானிக்கிறது. ஜப்பானில் அந்தக் கூட்டம் இருந்தது. ஃபுஜிமி நிறுவனம் தன் நாட்டுச் சுற்றுலாப் பேருந்துகளையே 32-இல் ஒன்றாகக் கிட் போட்டது. நம்மிடம் கூட்டம் சேரவில்லை; சேர விடவுமில்லை. சுங்கத் தலைப்பு 9503 பொம்மையையும் அளவு குறைத்த மாடலையும் ஒரே கூடையில் வைக்கிறது. அந்தத் தலைப்புக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்குத் தாவி, 2023-இல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு அது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உள்நாட்டில் செய்யப்படாத ஒரு பொருளுக்கு அந்தப் பாதுகாப்பால் யாருக்கு லாபம்? மாணவர் ஒருவர் தன் முதல் கிட்டை வாங்காமல் போகிறார், அவ்வளவுதான். கையில் எட்டுவது சென்டி டாய்ஸ் செய்யும் பிளாஸ்டிக் அம்பாசிடரும் ஆட்டோவும். அவற்றைக் கழற்றி, பெயிண்டை மாற்றி, விளக்கு வைத்து அழகாக்குகிறவர்கள் உண்டு. உருவம் நேர்மையாக இருக்கிறது; பொம்மைக்கு வேண்டிய தடிமனும் இழுத்துவிட்டால் ஓடும் பொறியும் சேர்ந்து அளவைக் கெடுக்கின்றன.

கஸ்டமைஸ் செய்வது என்ற பகுதிக்கு வருகிறேன். தீர்ப்பை முடிவு செய்வது இதுதான். அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1958-இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டை விற்றது: தொழிற்சாலையில் வந்தபடி, கஸ்டமாக, அல்லது பந்தயக் காராக. அந்தக் கஸ்டம் துண்டுகள் வானத்திலிருந்து விழவில்லை. கலிபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்கள் நிஜக் கார்களின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, முகப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவில் நடந்தது பெட்டிக்குள் வந்தது. அங்கே அது உயிருள்ள வேலை. அதே பெட்டியை ராஜபாளையத்தில் திறந்து, கூரையைத் தாழ்த்தி, அகலச் சக்கரம் மாட்டுகிறவர் எந்தத் தெருவைப் பார்த்து அதைச் செய்கிறார்? இன்னொருவர் செய்த கஸ்டத்தைத்தான் திரும்பச் செய்கிறார். கைவேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் தேர்வு இல்லை.

நம் தெருவிலும் கஸ்டம் உண்டு. அதன் பெயர் பாடி கட்டுவது. அசோக் லேலண்டிடமிருந்து வருவது சேசிஸ். அதன் மேல் உடலைக் கட்டுவது கரூரின் பட்டறைகள். தனியார் பேருந்தின் உரிமையாளர் முகப்பைத் தேர்கிறார், கண்ணாடியின் சரிவைத் தேர்கிறார், பக்கத்தில் ஓடும் கோட்டின் நிறத்தை, ஏர் ஹாரனை, முன் கண்ணாடியில் எழுதும் சாமி பெயரைத் தேர்கிறார். பேருந்துக் கட்டுமானத்துக்கு விதிமுறை வந்த பிறகும் ஒரே சேசிஸில் எழும் இரண்டு பேருந்துகள் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே ஃபோம் ஷீட்டில் பஸ் செய்கிற இளைஞர் அசலான கஸ்டம் மரபுக்குள் நிற்கிறார். கரூரில் நடக்கும் வரிசையிலேயே அவரும் போகிறார்: சட்டம், தூண்கள், கூரை, ஜன்னல், பிறகு தோல். பாரிஸுக்கும் ஏ.எம்.டி.க்கும் இருந்த உறவு கரூருக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது, நடுவில் நிறுவனம் எதுவும் இல்லாமல். இந்த ஒரு காரணத்துக்காகவே இவர்களைக் கிட் கட்டுவோருக்கு மேலே வைக்கிறேன்.

வைத்துவிட்டேன் என்பதால் அவர்களிடம் கேட்கவும் உரிமை உண்டு. பெரும்பாலான மினியேச்சர் பஸ்கள் முதல் சோதனையிலேயே தோற்கின்றன: சக்கரம். 10.00-20 டயரின் விட்டம் சுமார் 105 சென்டிமீட்டர். 24-இல் ஒன்றாகச் செய்தால் 44 மில்லிமீட்டர். தண்ணீர் பாட்டில் மூடியைச் சக்கரமாக மாட்டினால் அது 30 மில்லிமீட்டர்தான், அதாவது 72 சென்டிமீட்டர் டயர். பேருந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறது. அதை மறைக்கச் சக்கர வளைவைக் கீழே இறக்குகிறார்கள். உடனே ஜன்னல் வரிசை உயரமாகத் தெரிகிறது. அதற்காகக் கூரையைத் தாழ்த்துகிறார்கள். ஒரு தவறு மூன்றாகிறது. இரண்டாவது, அச்சுகளுக்கு இடையேயான தூரம். அசோக் லேலண்டின் வைக்கிங் சேசிஸில் 222 அங்குலம் என்பது ஓட்டுநர்களும் சொல்லக்கூடிய எண். மாடலில் அது ஒன்பதே கால் அங்குலம். இதை அளக்காமல் புகைப்படத்தைப் பார்த்து வைக்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். செல்பேசியின் அகல லென்ஸ் பக்கத்தில் இருக்கும் முன்பகுதியை ஊதிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அந்த மூக்கு அப்படியே மாடலில் ஏறிவிடுகிறது.

மூன்றாவது, ஸ்டிக்கர். எழுத்து, கோடு, விளக்கு, சில வேளைகளில் ஜன்னல் சட்டம்கூட அச்சடித்த ஸ்டிக்கராக வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள அதன் ஓரம் எந்த வெளிச்சத்திலும் தெரியும். கிட் கட்டுவோர் பயன்படுத்தும் நீரில் ஊறவைத்து நழுவவிடும் டீக்கால் பல மடங்கு மெல்லியது. இதை இவர்கள் அவர்களிடமிருந்து கற்க வேண்டும். சிக்கல் ஒன்று உண்டு: வீட்டுப் பிரிண்டரால் வெள்ளை அச்சடிக்க முடியாது, பேருந்தின் தமிழ் எழுத்தோ பெரும்பாலும் வெள்ளை. எழுத்தை வெட்டிய மாஸ்க் வைத்துப் பெயிண்ட் அடிப்பதே நேர்மையான வழி. இல்லாவிட்டால் ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. அச்சுத் தொழிலில் ஊறிய ஊரில் வெள்ளை மையும் மெல்லிய தாளும் கேட்டுப் பார்க்கலாம். உள்ளே ஓட்டுநருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் குறள் பலகையின் எழுத்து நிஜத்தில் 5 சென்டிமீட்டர் என்றால் மாடலில் 2 மில்லிமீட்டர்; படிக்க முடியும், ஆகவே படிக்கும்படி இருக்க வேண்டும். இன்னொன்று, ஃபோம் ஷீட்டைச் சூடான கத்தியால் வெட்டுவது. அது பி.வி.சி.; சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். குளிர்ந்த பிளேடும் இரும்பு ஸ்கேலும் போதும்.

இப்படிக் கேட்கும்போது வரும் பதில் தெரியும்: இது கலை, இன்ஜினியரிங் இல்லை. நவராத்திரிக் கொலுவில் கோயிலைவிடக் கார் பெரிதாக இருக்கிறது, யாரும் குறை சொல்வதில்லையே என்பார்கள். கொலு சரியான சான்றுதான், ஆனால் எதிர்த்தரப்புக்கு. கொலுப்படி எந்த அளவையும் வாக்குக் கொடுப்பதில்லை. அங்கே பெரியது பெரிய மதிப்பு, அவ்வளவே. 24-இல் ஒன்று என்று எழுதி வைத்த பஸ் வாக்குக் கொடுத்துவிட்டது. அதைக் கொலுவின் கணக்கில் மன்னிக்கச் சொல்வது அந்த இளைஞரைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும்.

இதே விஷயத்தில் ஒரு பழைய சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை அமெரிக்கச் சிறுவர்களுக்கு மாடல் போட்டி நடத்தியது. முதல் ஆண்டுகளில் கொடுத்த வேலை நெப்போலியனின் கோச்சு வண்டி. வரைபடத்தைக் கொடுத்து, மரமும் உலோகமும் துணியும் கொண்டு துல்லியமாகச் செய்யச் சொன்னார்கள். 1937 முதல் சிறுவர்கள் தாமே கற்பனை செய்த கார்களைச் செய்யும் போட்டியும் நடந்தது. வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான பணம் கிடைத்தது, பலர் பிறகு கார் வடிவமைப்பாளர்கள் ஆனார்கள். சிறுமிகளுக்கு அதில் இடம் தராதது பெரும் அநீதி. ஆனால் அந்த வரிசை சரியானது: முதலில் அளந்து செய், பிறகு உன் கற்பனைக்குப் போ. நம் பிள்ளைகள் கற்பனையிலும் கைவண்ணத்திலும் இரண்டாவது படியில் நிற்கிறார்கள். முதல் படியில் ஏறாமலே.

ஆகவே என் தீர்ப்பு இது. இந்த மண்ணுக்கு உரிய மாடல் கலை ஃபோம் ஷீட் பஸ்தான். பொருளைத் தேர்ந்ததில், தெருவோடு கொண்ட உறவில், தன் கையாலேயே எழுப்புவதில் அது கிட்டை மிஞ்சுகிறது. ஆனால் துல்லியத்தில் இன்றைக்கு அது தேறவில்லை. கிட் கட்டுவது கைக்கு நல்ல பள்ளிக்கூடம். ஒன்றிரண்டு கட்டி ஓரம், பட்டி, டீக்கால் மூன்றையும் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டிய இடம். அங்கேயே ஆயுள் முழுக்கத் தங்கி, பளபளப்பை ஏற்றிக்கொண்டிருப்பவரின் பொறுமையை மதிக்கிறேன். அவர் செய்ததைப் பெரிய வேலை என்று சொல்ல மாட்டேன்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், இந்த மாடல்கள் பொழுதுபோக்கோடு நிற்காமல் ஆவணமும் ஆகிவிடும் என்பதால்தான். மதுரைப் பக்கம் டி.வி.எஸ். பேருந்துகள் ஓடிய காலம் போய், 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-இல் விருதுநகரில் புதிய கழகம் பிரிந்தபோது அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் வீரர் ஒருவரின் பெயரைப் பேருந்தில் பொறுக்க முடியாதவர்களின் எதிர்ப்பு சாதிக் கலவரமாக மூண்டு, உயிர்கள் போயின. அந்த ஆண்டே அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்தது. பிறகு ஒரே பெயர், பச்சைப் பேருந்துகள், 2023 முதல் மஞ்சள் பூசிப் புதுப்பித்தவை. 1997-ஆம் ஆண்டின் பேருந்தைச் செய்கிறவர் பக்கவாட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று தீர்மானித்தாக வேண்டும். எந்த மாதத்துப் பேருந்து என்று தெரிந்துகொண்டுதான் அதைத் தீர்மானிக்க முடியும். கிட்டில் வரும் போர்ஷே இந்த ஊரில் யாரிடமும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்காது.

15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும் அதில் சேர்த்தி. டி.என். 67 என் வரிசையில் ஓடிய பழைய வண்டிகள் இரும்பு விலைக்குப் போகும். அதற்கு முன் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பணிமனைகளில் முறையாக அனுமதி கேட்டு, டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அச்சுகளுக்கு இடையேயான தூரம், முன் பின் தொங்கல், தரையிலிருந்து ஜன்னல் அடிச்சட்டத்தின் உயரம், ஒவ்வொரு தூணின் அகலம், படிக்கட்டின் மூன்று உயரங்கள், முகப்புக் கண்ணாடியின் வளைவை அட்டையில் வெட்டிய அச்சு, பெயர்ப் பலகை எழுத்தின் உயரம், பெயிண்ட் உரிந்த இடத்தில் அடியில் தெரியும் பழைய நிறம். இரண்டு பேர் ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு வண்டியை அளந்துவிடலாம். வரைந்த தாளை நகலெடுத்து, பஸ் செய்யும் எல்லாரிடமும் கொடுத்துவிட வேண்டும்.